கிரேன் ஆட்டத்துக்கு எண்ணூர் சொன்ன கருத்து

சனிக்கிழமை மாலை ஐந்து ஐந்துக்கு என் தங்கை மகள் தன் போனை என் மூக்குக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டினாள். முதலில் தெரிந்தது ஒரு கிரேன். மஞ்சள் நிறம். அதன் நுனியில் ஒரு நீலக் கன்டெய்னர் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பி வடம் இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது. கீழே இடப்பக்கம் ஒரு கல்யாணப் பிரியாணி அண்டா. வலப்பக்கம் ஐந்து ஆண்கள். ஐந்து பேரும் போனைக் காதில் வைத்து, "தோ வந்துகினே கீறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேரும் லுங்கியில் இருந்தார்கள். ஒருவர் வாயில் பல் துலக்கும் பிரஷ்.

"வடம் அறுந்துடும் பெரிம்மா. எந்தப் பக்கம் போடணும், சொல்லு. பத்து செகண்டுதான்" என்றாள்.

அண்டாவில் எவ்வளவு பிரியாணி இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே நேரம் முடிந்தது. சங்கு ஊதியது. ஆலைகளில் ஷிப்ட் முடியும்போது ஊதும் அதே நீளச் சங்கு. கிரேன் ஓட்டுநர் கூண்டிலிருந்து இறங்கி, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, டீ குடிக்கப் போனார். கன்டெய்னர் நடுவில் விழுந்து இரண்டு பக்கத்தையும் நசுக்கியது. திரையில் எழுத்து வந்தது: "யோசிச்சிகினே இரு நைனா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாரும் அங்கதான் சிரிக்கிறாங்க. சங்குலதான்" என்றாள்.

ஆட்டத்தைச் செய்தவள் அவள். படங்களை வரைந்தவள் எம்.கே.பி. நகரில் இருக்கும் அவளுடைய தோழி. இருவரும் ராயபுரத்தில் என் தங்கை வீட்டு மாடியறையில் மாதக்கணக்காக உட்கார்ந்து இதைச் செய்திருந்தார்கள். ஆட்டம் முழுக்க ஒரே கிரேன், ஒரே கன்டெய்னர். கீழே நிற்பவர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு கட்டத்தில் இடப்பக்கம் தெருவுக்கு வரும் ஒரே தண்ணீர் லாரி; வலப்பக்கம், தண்ணீர் லாரி வரவில்லை என்று மனு எழுதிக்கொண்டிருக்கும் ஐந்து பேர். இன்னொன்றில் வரிசையில் குறுக்கே புகுந்த ஒருவர். எதிரே, அவரைப் புகவிட்ட ஐந்து பேர். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு குரல் நம்மை விசாரிக்கும், கிண்டல் செய்யும். எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் சங்கு ஊதும்.

சங்கை அவளே கம்ப்யூட்டரில் உருவாக்கியிருந்தாள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சின்ன வயதில் அவளுக்குச் சங்கு என்றால் அப்பா சைக்கிளில் வரப்போகிறார் என்று பொருள்; அவர் வந்தபிறகு எல்லோருக்கும் டீ. அந்த ஓசை ஞாபகத்தில் இருந்தபடியே வரும்வரை அவள் விடவில்லை என்று என் தங்கை சொன்னாள். "ஒரு வாரம் பூரா ஊதினா. பக்கத்து வூட்டுக்காரன் இன்னா ஃபாக்டரி வெச்சிகீறீங்களான்னு கேட்டான்."

தங்கை மகள் மென்பொருள் நிறுவனத்தில் சம்பளமில்லாத விடுப்பில் இருந்தாள். விடுப்பு அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. போன் ஆட்டங்களை வெளியிடும் பெங்களூர் நிறுவனம் ஒன்று இதைப் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தது. அவர்கள் விளம்பரம் செய்து வெளியிட்டு, அடுத்த ஆட்டத்துக்கும் ஒப்பந்தம் போட்டால் அவள் வேலையை விட்டுவிடலாம். இல்லையென்றால் ஒன்றாம் தேதி காலை கம்பெனி பஸ் ஏற வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன் அவர்கள் ஒன்று கேட்டிருந்தார்கள். போனில் ஆட்டமே ஆடாதவர்களிடம் கொடுத்து, அவர்கள் சொல்வதை எழுதி அனுப்ப வேண்டும்.

"என் ஃப்ரெண்ட்ஸெல்லாம் சூப்பர், சூப்பர்னு மட்டும் சொல்லுதுங்க. அத்த வெச்சி இன்னா பண்றது? நீதான் லெட்டர்ஸ் பாத்தவ."

ஒரு நாளிதழில் வாசகர் கடிதப் பகுதியை நான் பல ஆண்டுகள் பார்த்தேன். பாராட்டிக் கடிதம் எழுதுபவர்கள் எதைப் பாராட்டுகிறோம் என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். கோபமாக எழுதுபவர்கள் சரியாக எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று சொல்வார்கள். கருத்துக் கேட்கப் போகும்போது நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: பிடித்திருக்கிறதா என்று கேட்கக் கூடாது. போனைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

முதலில் எங்கள் சந்தில் இருக்கும் கேரம் கிளப்புக்குப் போனேன். ஒரே அறை, நடுவில் போர்டு, அதன்மேல் தொங்கும் விளக்கு, சுவரோரம் பெஞ்சுகள். போனை வாங்கியவருக்கு வந்த கட்டத்தில் இடப்பக்கம் ஒரு கேரம் போர்டு. ஆட்டம் பாதியில் நின்றிருக்கிறது, ரெட் காயின் குழியின் விளிம்பில். வலப்பக்கம் அடுத்து அடிக்க வேண்டிய ஆட்டக்காரர். அறையில் இருந்த எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"ஆளு மேல போடு."

"டேய், ஆளுடா!"

"ஆளு எய்ந்து ஓடிடுவாம்பா. போர்டு ஓடுமா?"

"ஓடலன்னா?"

"கன்டெய்னர் வர்றது தெரியாதவன் இன்னாத்துக்கு ரெட் அடிக்கிறான்?"

"மொதல்ல ஆளு யாருன்னு கேளு மாமு. இவனா இருந்தா ரெண்டு தபா போடலாம்."

இவன் என்று சுட்டப்பட்டவர் தன் ஸ்ட்ரைக்கரால் சொன்னவரின் முட்டியில் தட்டினார். அதற்குள் நேரம் முடிந்து சங்கு ஊதியது. அறையே கத்தியது. யாரோ, "டீ சொல்லுபா" என்றார். உண்மையாகவே டீ வந்தது. அதன் பிறகு அவர்கள் வேண்டுமென்றே நேரத்தைக் கடத்தினார்கள். சங்கு ஊதும், ஒருவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு கிரேன் ஓட்டுநரைப் போல வெளியே நடப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள்.

சாத்தாங்காட்டில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். தெற்குச் சீமைக்காரர். கடைக்குள் மேஜை விசிறி காற்றில் ரசீதுகள் படபடத்தன. தண்ணீர் லாரிக் கட்டத்தை உற்றுப் பார்த்தார்.

"கன்டெய்னருக்குள்ள என்ன சரக்குக்கா?"

"தெரியாதுங்க. ஆட்டத்துல அது சொல்லலை."

"சரக்கு தெரியாம எந்தப் பக்கம் எறக்கச் சொல்லுதிய?"

சங்கு ஊதியது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பாட்டு நேரம் இன்னும் ஆவலையே" என்றார். பிறகு போனைப் பார்த்துச் சிரித்தார். மறுபடி ஆடினார். ஒவ்வொரு கட்டத்திலும் சரக்கு என்ன என்றே கேட்டார். கடைசிவரை ஒரு தடவையும் கன்டெய்னரை இறக்கவில்லை. நல்ல ஆட்டம், ஆனால் ஆவணம் சரியில்லை என்பது அவருடைய கருத்து.

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றிருந்த மூன்று பெண்களிடம் கொடுத்தேன். வரிசையில் புகுந்தவர் கட்டம். மூவரும் தயங்காமல் ஐந்து பேர் மேல் போட்டார்கள். "அவன் புகுந்தான் சரி. இதுங்க ஏன் வுட்டுச்சி?" என்றார் ஒருவர். இன்னொருவர், "ரேஷன் கடைல நீயே வுட்டியே" என்றார். "அது அவுரு வயசானவரு." "இதுல இவுருக்கு வயசு இன்னான்னு போட்டிருக்கா?" பேச்சு ரேஷன் கடைக்குப் போய்விட்டது. போனை நானே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

இவற்றை எழுதும்போது ஒன்று தெரிந்தது. யாரும் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. எல்லோரும் கேள்வியைத் திருத்தினார்கள். யாரைச் சாகவிடலாம் என்று ஆட்டம் கேட்டது. இவர்கள் கேட்டது, அந்த ஆள் ஏன் அங்கே நிற்கிறான் என்று. தங்கை மகளிடம் சொன்னேன். அவளுக்கு அது மிகவும் பிடித்துப்போய், அதையே முதல் வரியாக வைத்துப் பெங்களூருக்கு அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது. கேரம் கிளப்பில் நான் போனில் பதிவுசெய்த கூச்சலை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். விளம்பர வீடியோ சங்கிலிருந்துதான் தொடங்கும், சங்குதான் இந்த ஆட்டத்தின் அடையாளம் என்று எழுதியிருந்தார்கள். இன்னும் சிலரிடம் மட்டும் கேட்டு முடித்துவிடுங்கள் என்றார்கள்.

எண்ணூருக்கு அடுத்த ஞாயிறு போனேன். எங்கள் அலுவலகத்தில் தொலைபேசிப் பிரிவில் இருந்த தோழி அங்கே இருக்கிறாள். அவளுடைய தெருவில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். முன்னறையில் அவள், மருமகள், பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், நாற்காலியில் தோழியின் கணவர். அவர் வார்ப்பட ஆலையில் வேலை பார்த்தவர்; காது மந்தம். அவருக்கும் கேட்கட்டும் என்று மருமகள் போனைச் சின்ன ஸ்பீக்கர் ஒன்றோடு இணைத்தாள். தோழி அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

வந்த கட்டத்தில் இடப்பக்கம் ஒரு கூடை வஞ்சிரம். வலப்பக்கம் ஐந்து பூனைகள்.

"பூனை மேல போடாத. பாவம்" என்றாள் தோழி.

"வஞ்சிரம் இன்னா வெல விக்கிது, தெரியுமா உனக்கு?" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

"நசுங்கினா இன்னா? புட்டு செஞ்சிக்கோ."

"வஞ்சிரத்துல புட்டு செய்வாளாம்! அப்ப சுறாவ இன்னாமே பண்ணுவே, பாயசமா?"

"அத்தை, டைம் போவுது."

"நீ இரு. இவ என் சமையலுக்கு வந்துட்டா."

சங்கு ஊதியது. சின்ன ஸ்பீக்கர்தான்; ஆனால் சுவர்கள் நெருக்கம்.

போனைப் பிடித்திருந்த மருமகள் சிரித்தாள். அவள் ஒருத்திதான் சிரித்தாள். தோழி எழுந்து உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள். பக்கத்து வீட்டுப் பெண் வாசல் வாளியில் துண்டை முக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். நாற்காலியில் இருந்தவர் எதிர் மாடியில் கொடியில் காய்ந்த புடவையைப் பார்த்தார்.

"காத்து மேக்கால அடிக்கிது. வடக்கால நடங்க" என்றார்.

"மாமா, இது போனு! போன்ல ஊதுது!" என்று மருமகள் கத்தினாள். ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாமல் அதை மெத்தைக்கு அடியில் திணித்தாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்கால இரவில் அந்தப் பக்கம் ஆலைக் குழாயில் விஷவாயு கசிந்தது. நான் அப்போது வேலையில் இல்லை, செய்தியாகப் படித்தேன். தோழி போனில் சொல்லியும் கேட்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தத் தெருக்காரர்கள் ஆலைச் சங்கு கேட்டதும் செய்ய மூன்று விஷயங்களைப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். அடுப்பை அணைப்பது, துணியை நனைத்து மூக்கில் வைப்பது, கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக் காற்றுக்குக் குறுக்கே நடப்பது. சோதனைக்காகச் சங்கு ஊதும் நாளும் நேரமும் அவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஊதினால் யாரும் தலையைத் திருப்ப மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அந்த நேரம் இல்லை.

வாசலுக்கு வந்து பார்த்தேன். மறுபக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் குழந்தையை இடுப்பில் வைத்து, துப்பட்டாவால் அதன் முகத்தை மூடியிருந்தார். ஒருவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். யாரும் கத்தவில்லை. எல்லோரும் வடக்கே பார்த்து நடந்தார்கள். மருமகள் வெறுங்காலோடு அவர்களுக்கு முன்னால் ஓடி, கைகளை விரித்து நின்று, "ஒண்ணியும் இல்ல, கேமு, கேமு" என்றாள். நின்றார்கள். அவள் சொன்னதை உடனே நம்பவில்லை. எல்லோரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள். பிறகுதான் திட்டு ஆரம்பித்தது.

"இன்னாமே, உனக்கு வெளாட சங்குதான் கெடச்சிதா?"

"நான் குழம்புல புளி ஊத்திகினு இருந்தேன். அப்டியே போட்டுட்டு வந்தேன்."

"இவரு பனியனோட வந்துட்டாரு பாரு."

"சட்டைய தேடிகினு இருந்தா நீ என்ன வுட்டுட்டு போயிருப்ப."

சிரித்தார்கள். அதற்குள் ஒரு பெண், மூன்றாம் வீட்டுப் பெரியவர் எங்கே என்று கேட்டார். மூச்சிரைப்புக்கு மருந்து உறிஞ்சுகிறவர், தனியாக இருப்பவர். அவர் முதலிலேயே புறப்பட்டுவிட்டார். மருமகளும் நானும் போனோம். பஸ் நிறுத்தத்துச் சிமென்ட் பெஞ்சில், நனைத்த துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு, கதவுச் சாவியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மருமகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். மூச்சு நிதானமாகும்வரை எழவில்லை. நடந்து வரும்போது, "இன்னா கேமு?" என்றார்.

தோழி வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, காட்டச் சொன்னார். தோழி வேண்டாம் என்றாள். அவர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். மருமகள் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுக் கொடுத்தாள். விரலை வைக்க வேண்டிய இடத்தைக் கேட்டுக்கொண்டு, நேரம் முடிவதற்கு வெகு முன்னாலேயே கன்டெய்னரை இறக்கினார். நான் கேட்காமலேயே கருத்தையும் சொன்னார். அதை அப்படியே எழுதிக்கொண்டேன்: "பூனைய காப்பாத்திட்டேன். மீனு போச்சு, போவட்டும். சங்கு வேணாம்."

தோழி சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். சாப்பிட்டேன்.

மாலையில் ராயபுரம் திரும்பி, நடந்ததைத் தங்கை மகளிடம் நடந்த வரிசையில் சொன்னேன். நடுவில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "ஸ்பீக்கர்ல போட்டதால பெரிம்மா. போன்ல மட்டும்னா இவ்ளோ ஆயிருக்காது." பிறகு, பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்றேன். எம்.கே.பி. நகர்த் தோழி கீழே பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்க பக்கத்துல சங்கு ஊதினா பால் வாங்கப் போற டைம்னு சொல்லும் எங்கம்மா" என்றாள்.

அந்த வாரத்திலேயே ஆட்டத்தில் ஒரு புது வசதி வைத்தார்கள். செட்டிங்ஸுக்குள் போய் ஒரு பொத்தானைத் தொட்டால் சங்கு மட்டும் ஊதாது. பெங்களூர்க்காரர்களுக்கு அது சம்மதம். சனிக்கிழமை தங்கை மகளே எண்ணூருக்குப் போனாள். நான் கூடப் போனேன். முன்னறையில் செருப்பைக் கழற்றியதுமே மன்னிப்புக் கேட்டாள். எண்ணூர்த் தோழி, "வுடுமா, தெரிஞ்சா செஞ்சே?" என்று சொல்லிவிட்டு, பொத்தானைக் காட்டச் சொன்னாள். பார்த்தாள்.

"இத்த யாரு அமுக்கணும்?"

"வேணாம்னு நெனைக்கிறவங்க, ஆன்ட்டி. ஆடுறவங்க."

"ஆடுறவளுக்குத்தான் இது ஆட்டம்னு தெரியுமேமா. அன்னிக்கு இவ சிரிச்சிகினுதானே இருந்தா? பக்கத்து வூட்டுக்காரன் எங்க போயி பட்டன அமுக்குவான்?"

மருமகள், "சத்தம் கம்மியா வெச்சி ஆடுங்கன்னு போடலாம்" என்றாள்.

"போடலாம். நீ அன்னிக்கு கம்மியாவா வெச்ச?"

தங்கை மகள் பொத்தானைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடற்கரைச் சாலையில் வரிசையாக நின்றிருந்த கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திருவொற்றியூர் தாண்டியதும், "வேற சத்தம் போட்டுப் பாக்கலாம்" என்றாள்.

போட்டுப் பார்த்தார்கள். கேரம் கிளப்பில்தான் சோதனை. குக்கர் விசிலுக்கு, "தெனம் எங்கூட்ல கேக்குறேன், இதுக்கு இன்னாத்துக்கு சிரிக்கணும்?" என்றார்கள். ஆட்டோ ஹாரனுக்கு ஒருவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சுவரோரம் ஒதுங்கினார். அதற்குச் சிரித்தார்கள், ஆட்டத்துக்கு அல்ல. பள்ளிக்கூட மணி அடித்தபோது ஒருவர் போனை வைத்துவிட்டு ஸ்ட்ரைக்கரை எடுத்தார். கடைசியில் ஒலியே இல்லாமல் கொடுத்தாள். நேரம் முடிந்தது. கிரேன் ஓட்டுநர் இறங்கினார், கையைத் துடைத்தார், நடந்து போனார். கன்டெய்னர் சத்தமில்லாமல் விழுந்தது.

"இன்னாமா, சங்க புடுங்கிட்டே? சப்புனு கீது."

"இல்ல மாமு. ஒரு மாதிரி கீது."

"ஒரு மாதிரின்னா?"

"ஒரு மாதிரிதான். அந்தாளு திரும்பிகூட பாக்காம போறான் பாரு."

"டீ சொல்லவா, வேணாவா?"

டீ சொல்லப்படவில்லை. இதையும் எழுதிக்கொண்டேன்.

பெங்களூர் நிறுவனத்திலிருந்து ஒருவர் புதன்கிழமை அழைத்தார். நான் அந்த மாடியறையில் இருந்தேன். எம்.கே.பி. நகர்த் தோழிக்கும் கேட்கட்டும் என்று தங்கை மகள் போனை மேஜைமேல் வைத்து ஒலியைக் கூட்டியிருந்தாள். பேசியவர் தமிழர், கனிவாகத்தான் பேசினார்.

"எண்ணூர் ஃபீட்பேக் படிச்சேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா அது ஒரு ஏரியா. ஆட்டம் எல்லா ஊருக்கும் போகுது. ஆஃப் பண்ண ஆப்ஷன் இருக்கே?"

"ஆஃப் பண்றவங்க வேற, கேக்கறவங்க வேற சார்."

"சரி. விளம்பர வீடியோ ரெடி ஆயிடுச்சி. முதல் ஷாட்டே சைரன்தான். அது இல்லாம எனக்குக் காட்ட என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க."

அவள் தோழியைப் பார்த்தாள். தோழி தன் பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள். பிறகு தோளைக் குலுக்கி, தலையசைத்தாள்.

"சங்கு இல்லாமதான் அனுப்புறேன் சார்."

பிறகு அவர் சொன்னார். ஆட்டத்தை வெளியிடுவார்கள், கொடுத்த வாக்கு வாக்குதான். விளம்பரம் இருக்காது. ஆப் கடையில் முன்வரிசையில் வைக்க மாட்டார்கள். அடுத்த ஆட்டம் பற்றிப் பின்னால் பேசலாம். அவள் சரி என்றாள், நன்றி என்றாள். அவரும் நன்றி சொன்னார்.

கீழே வந்தபோது என் தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

"ஒண்ணாந்தேதி ஆபீஸ் போறியா இல்லியா, அத்த மட்டும் சொல்லு. சுடிதார அயனுக்குப் போடணும்."

"போறம்மா."

"அந்த நீலமா, பச்சையா?"

"எது வேணா போடு."

"பத்து செகண்டு தர்றேன், சொல்லு" என்று சொல்லிவிட்டு என் தங்கையே சிரித்தாள். மகளும் சிரித்தாள். நீலம் என்றாள்.

ஒன்றாம் தேதி அவள் கம்பெனி பஸ்ஸில் போனாள். ஆட்டம் அதற்கு அடுத்த வாரம் வெளியானது. எண்ணூர்த் தோழியின் மருமகள் அன்றைக்கே இறக்கிக்கொண்டு, தெருவில் இருப்பவர்களுக்கும் அனுப்பினாள். மூன்றாம் வீட்டுப் பெரியவரிடம் அதற்கேற்ற போன் இல்லை. அவர் இவள் போனை வாங்கி ஆடுகிறார் என்று தோழி சொன்னாள். கேரம் கிளப்பில் கொஞ்ச நாள் ஆடிவிட்டு விட்டுவிட்டார்கள்.

ஆப் கடையில் ஆட்டத்தின் பெயருக்குக் கீழே கருத்துகள் வரத் தொடங்கின. அதிகம் இல்லை. அலுவலகத்திலிருந்து திரும்பியதும் தங்கை மகள் அவற்றை எனக்கு அனுப்புவாள். பழைய பழக்கத்தில் நான் ஒவ்வொன்றையும் இரண்டு முறை படிப்பேன். முதலில் வந்தது, சூப்பர். அடுத்தது, பிரியாணி அண்டாவை நசுக்கியதற்குக் கண்டனம். மூன்றாவதாக ஒருவர் மூன்று நட்சத்திரம் கொடுத்து எழுதியிருந்தார்: "நேரம் முடியும்போது ஒலி வரவில்லை. சரிசெய்யவும்."